நாற்பது பிள்ளைகளும் ஒரு பலகையும்

காலை ஆறு மணிக்கே அந்தக் கட்டடத்தின் வாசலில் செருப்புகள் வரிசையில் நிற்கும். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் ஓடிவந்து அவரவர் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு நகர்வார்கள். உள்ளே ஒளி ஐயா இருந்தார். பிள்ளைகளின் மூக்குக்கண்ணாடியை மூன்றே அமர்வில் கழற்றி வைக்கிறவர். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, கத்தி கிடையாது. ஒரு பச்சை விளக்கு, ஒரு செப்புத் தட்டு, எழுத்துகள் எழுதிய ஒரு பலகை. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

அந்த வரிசையில் முதல் செருப்பு பெரும்பாலும் என்னுடையது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏமாந்த கூட்டத்தைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள், தாங்கள் மட்டும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததுபோலச் சொல்வார்கள். நான் ஓரமாக நிற்கவில்லை, கண்ணுகளா. அந்தக் கூட்டத்துக்கே நான்தான் தலைவி.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு தையல் கூடத்தில் வேலை. என் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஊரே அவரைப் போர்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். எங்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. உருண்டையாக இருப்பாள் என்பதால் பட்டாணி என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கண் சோதித்தபோது பட்டாணிக்கு இரண்டு கண்ணும் மங்கல் என்று எழுதி அனுப்பினார்கள். கண் டாக்டரம்மாவிடம் காட்டினோம்.

"நல்ல வேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க" என்றார் அவர். "இந்த வயசுலதான் மூளை பார்க்கக் கத்துக்குது. தெளிவா தெரிஞ்சாத்தான் கத்துக்கும். இப்ப விட்டுட்டீங்கன்னா, பெரியவளானதும் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் கொஞ்சம் மங்கலாவே நின்னுடும். குளிக்கிறப்பவும் தூங்குறப்பவும் தவிர கழட்டவே கூடாது."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்பது கண்ணாடிக்கடையில் தெரிந்துவிட்டது.

கடைக்காரர் பட்டாணியைத் தன் முன்னால் உட்கார வைத்து, மூக்குத்தண்டை அளந்து, காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்து, எடை இல்லாத, கீழே விழுந்தாலும் உடையாத ஒரு சின்னச் சட்டத்தை எடுத்து மாட்டினார். அச்சாகப் பொருந்தியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வளர்ற பிள்ளைங்க. ரெண்டு சைஸ் பெருசாக் குடுங்க."

"இது கவுன் இல்லம்மா. கண்மணி கண்ணாடிக்கு நடுவுல நிக்கணும்."

"எனக்கு அளவு தெரியாதா? நான் தையல்காரி. பெருசா வாங்கினா மூணு வருஷம் போடலாம்."

"கவுனா இருந்தா மடிச்சுத் தைப்பீங்க. இதை எங்கம்மா மடிப்பீங்க?"

அவர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் அடுத்த கடையில் வாங்கினேன். காசு கொடுத்தால் புத்தியைத் தவிர எல்லாம் கிடைக்கும்.

கண்ணாடி பட்டாணியின் மூக்கு நுனிக்கு இறங்கி அங்கேயே குடித்தனம் செய்தது. பிள்ளை அதற்கு மேலாக எட்டிப் பார்த்தாள், ஓய்வு பெறப்போகிற தலைமையாசிரியர் மாதிரி. அப்புறம் எப்படித் தெரியும்? "கண்ணாடி போட்டும் தெரியலம்மா" என்றாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் தீர்ப்பு எழுதினேன்.

அந்தத் தீர்ப்புக்காகவே காத்திருந்தவர்போல என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர்.

"பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடிய மாட்டிவிட்டா நாளைக்கு எவன் வருவான்? ஒளி ஐயாகிட்ட கூட்டிட்டுப் போ. என் ஓரகத்தி பேரன் மூணே தடவையில கழட்டிப் போட்டுட்டான்."

"டாக்டரம்மா கழட்டக்கூடாதுன்னாங்களே அண்ணி?"

"கழட்டினா அவங்க பொழப்பு என்ன ஆகுறது?"

எவ்வளவு பெரிய அறிவு! அந்தக் கேள்வியை ஒளி ஐயாவைப் பற்றியும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்றோ வரப்போகிற மாப்பிள்ளையின் பார்வையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையின் பார்வை இரண்டாம் பட்சம்.

ஐயா மெதுவாகப் பேசுவார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கோல்.

"கண்ணாடிங்கிறது கண்ணுக்கு ஊன்றுகோல்மா. நல்லா இருக்கிற காலுக்கு ஊன்றுகோல் குடுத்தா கால் நடக்கவே மறந்துடும்."

ஆகா என்றிருந்தது எனக்கு. நடக்க முடியாத காலிலிருந்து ஊன்றுகோலைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

சிகிச்சை இப்படி நடக்கும். கூடத்தில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைப் பச்சை விளக்குக்கு அடியில் நிறுத்தி, முகத்துக்கு நேரே செப்புத் தட்டைச் சுற்றிவிட்டு, பலகையின் ஏழு வரிகளையும் கோலால் தொட்டுக் காட்டுவார். பிள்ளை திணறினால் தானே எழுத்தைச் சொல்லிக்கொடுப்பார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "எழுத்தைச் சொல்லச் சொல்லத்தான் ஒளி உள்ள இறங்கும்." ட! ப, ம! க, ல, ச! என்று கூடமே அதிரும். முப்பது பிள்ளைகள், முப்பது தடவை. மாவாட்டும் கல்லை அங்கே உட்கார வைத்திருந்தாலும் மூன்றாம் நாள் அது ஒப்பித்திருக்கும்.

முதல் அமர்வில் பட்டாணி இரண்டு வரி சொன்னாள். இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் ஏழும்! கூடம் கைதட்டியது. நான் அழுதேன். வாசலில் இருந்த பெரிய பெட்டிக்குள் என் கையாலேயே அவள் கண்ணாடியைப் போட்டேன். அதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டினார்கள். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டியே தையல் கூடத்திலிருந்து ஏழு தாய்மார்களை அழைத்துப்போனேன். ஏழு பிள்ளைகளின் கண்ணாடி என் வாயால் அந்தப் பெட்டிக்குள் போனது. ஐயா எனக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் ஓடியது. பட்டாணி வாசற்படியில் தடுக்கி விழுந்து, 'படி தெரியலம்மா' என்றாள். 'பராக்குப் பார்த்துக்கிட்டே நடக்குற' என்று திட்டினேன். நோட்டில் மூக்கு உரசி மூக்கெல்லாம் மை. 'நிமிர்ந்து எழுதுடி' என்று முதுகில் ஒன்று வைத்தேன். தெருவில் யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று போய்விட்டாள். அதற்குச் சிரித்தேன். சிரித்தேன், கண்ணுகளா.

ஒருநாள் மாலை நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டாணி பாயில் படுத்துக் கண்ணை மூடியபடி ட, ப, ம என்று ஆரம்பித்து ஏழு வரியையும் ஒன்று பிசகாமல் சொல்லி முடித்தாள். எனக்குப் புல்லரித்தது.

"ஏங்க! கண்ண மூடிக்கிட்டே படிக்கிறா பாருங்க! பலகை இங்க இல்ல, ரெண்டு தெரு தள்ளி இருக்கு! அங்கேருந்தே தெரியுது!"

வீட்டுக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். "பட்டாணி, கண்ண மூடிக்கிட்டு எப்படிடா தெரியுது?"

"தெரியலப்பா. வருது."

"பாத்தீங்களா, வருதாம்!" என்று நான் நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் தெருவெல்லாம் அதே பேச்சு. கண்ணைத் திறந்து படிக்கிறவர்கள் எல்லாம் சாதாரணப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிற இடத்தை நான் எங்கே விட்டுவைத்தேன்?

அடுத்த மாதம் ஐயாவின் சிகிச்சை நிலையத்தின் ஆண்டு விழா. குணமான நாற்பது பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பலகையைப் படிக்கவைக்கப்போகிறார்கள். பெரிதாக ஒரு புதுப் பலகை வேண்டும். போர்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார் ஐயா.

"எழுத்து ஒண்ணுகூட மாறக்கூடாது. அந்த வரிசைக்குத்தான் சக்தி" என்றாராம்.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சா எந்த எழுத்தா இருந்தா என்னங்க?" என்றாராம் இவர்.

"நீங்க எழுதுற வேலையை மட்டும் பாருங்க."

எழுதுகிற வேலையை மட்டும்தான் பார்த்தார்.

விழா அன்று நிலையத்து வாசலில் போட்ட பந்தல் கொள்ளாத கூட்டம். நாற்பது பிள்ளைகள் மேடையில் இரண்டு வரிசையாக. பட்டாணி எல்லாரையும்விடச் சின்னவள் என்று முன்னால், நடுவில். பின்னால் நன்றாகத் தள்ளி, பிள்ளைகளின் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி, ஆள் உயரப் புதுப் பலகை. ஐயா ஒருதரம் திரும்பிப் பார்த்தார். முதல் வரியில் ட. இரண்டாவது வரியில் ப, ம. திருப்தியாகக் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு, பின்பக்கமாகக் கோலை நீட்டி, பிள்ளைகளை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்.

"ட! ப, ம! க, ல, ச!" நாற்பது குரல். ஏழு வரியும் முடிந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்தோம், ஐயாவைப் பார்த்தோம், பக்கத்தில் அழுகிறவர்களைப் பார்த்து அழுதோம். பலகையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "ஐயா, மூணாவது வரியை இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை பெரியவங்களும் சேர்ந்து படிக்கட்டும்."

ஐயாவுக்கு மகிழ்ச்சி. கோல் நீண்டது. மேடையிலிருந்து "க, ல, ச!" என்று வந்தது. பந்தலிலிருந்து "ந, த, ய!" என்று வந்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

ஐயா திரும்பிப் பலகையைப் பார்த்தார். மேல் இரண்டு வரிதான் பழசு. கீழே ஐந்து வரியும் வேறு.

"பலகையைத் தப்பா எழுதிட்டான்!" என்று கத்தினார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

பந்தலும் சேர்ந்து கத்தியது. "நாப்பது பிள்ளைங்க தப்பாப் படிக்குமா? பலகைதான் தப்பு!" "எழுத்துக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதா?" நாத்தனார், "தம்பி, மானத்தை வாங்கிட்டியேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உங்களிடம் மறைப்பானேன், எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். "இந்த மனுஷனுக்கு ஒரு வேலை உருப்படியா வராது!"

அவர் கோபப்படவில்லை. "சரிங்க, தப்பாத்தான் எழுதிட்டேன். தப்பா எழுதினதையே படிக்கட்டுமே. என்ன தப்புன்னு பிள்ளைங்க சொல்லட்டும்."

ஐயா கைகளை உயர்த்தினார். "அது முடியாது! புது எழுத்துக்குப் புதுசா மூணு அமர்வு வேணும்!"

பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர் எழுந்தார். அவர் பையனும் மேடையில் இருந்தான். "அப்ப ரோட்டுல ஒரு லாரி வந்தா? அதையும் நிறுத்தி வச்சு மூணு அமர்வு குடுப்பீங்களா?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேடையில் பட்டாணி பலகையின் பக்கம் ஓரடி நகர்ந்திருந்தாள். கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், இன்னும் ஓரடி போனாள். பிறகு திரும்பி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே இல்லாமல், எனக்கு நாலு நாற்காலி தள்ளி ஒரு தூணைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா, புதுசு தெரியலம்மா. பழசையே சொல்லட்டா?"

மேடை ஏறியது எப்படி என்று நினைவில்லை. அவளைத் தூக்கி, "ஏண்டி தெரியலன்னு முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. அப்ப நீ திட்டினே. பலகையைச் சொன்னப்ப சிரிச்சே."

இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? நான் கூட்டி வந்த ஏழு தாய்மாரும் மேடைக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி விரலை நீட்டி எத்தனை என்று கேட்டாள். ஒருத்தி தன் சேலை என்ன நிறம், அதில் என்ன பூ என்று கேட்டாள். நிறம் வந்தது, பூ வரவில்லை. பிறகு எல்லாரும் வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியை நோக்கி ஓடினோம். அதைக் கவிழ்த்து, குவியலுக்குள் மண்டியிட்டு, அவரவர் பிள்ளையின் கண்ணாடியைத் துழாவினோம். என் மகளுடையதைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. இருந்ததிலேயே பெரியது அதுதான்.

அந்த அமளியில் ஐயா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இப்போது வேறு ஊரில் முதுகுவலி பார்க்கிறார் என்று கேள்வி. நாத்தனாரோ சாகும்வரை, "அந்தப் பலகையை மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா..." என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். முதல் கடைக்காரரிடமே போய், மூக்கும் காதும் அளந்து, தலைக்குப் பின்னால் ஒரு வார் வைத்து, அச்சாகப் பொருந்துகிற சின்னக் கண்ணாடி வாங்கினோம். போட்ட முதல் நிமிடம் பட்டாணி என்னையே பார்த்தாள். "அம்மா, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு!" என்றாள். ஆறரை வருஷமாக அது அங்கேதான் இருந்தது.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அட்டையைத்தான் காட்டுவார். பட்டாணி வரி வரியாகக் கீழே இறங்கினாள். ஆனால் கடைசி வரி மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்த ஐந்து மாதத்தால்தானா என்று கேட்டேன். "அப்படியும் இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். இவ்வளவு பணிவாக ஒளி ஐயா ஒருநாளும் பேசியதில்லை. அதனால்தான் ஐயாவை நம்பினேனோ என்னவோ.

கடைசியாக ஒன்று. விழாவுக்கு மறுநாள் டாக்டரம்மாவிடம் போனபோதே என் கண்ணையும் சோதிக்கச் சொன்னேன். இவ்வளவு பெரிய பலகை கண்ணுக்கு முன்னால் இருந்தும் பார்க்காமல் இருந்தேனே, பார்வையில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று ஒரு நப்பாசை. டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. கடைசி வரிவரைக்கும் தெரியுது."

என்னைப்போல நல்ல பார்வை உள்ளவர்கள்தான், கண்ணுகளா, அந்தப் பந்தல் நிறைய உட்கார்ந்திருந்தோம். கையைத் தட்டுமுன் பலகையை ஒருதரம் பாருங்கள்.