பிள்ளையார் கையை உடைப்பது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, ஒரு பிரச்சினையைத் தீர்க்கச் சொன்னால் அதை இன்னும் கெடுப்பதற்கு வழி கேட்கிற ஒரே ஆள் எங்கள் கிரேன் ஆபரேட்டர்தான். எங்களுக்கு அவர் ‘நாசம்’ அண்ணாத்த. மாமல்லபுரம் பக்கத்தில் கற்சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. சிலையைத் தூக்கிப் பெட்டியில் இறக்குவது அவர் வேலை. பெட்டிக்குப் பலகை வாங்கி, அளவு சொல்லி அடிக்க வைப்பது என் வேலை.

செங்கல்பட்டிலிருந்து வரும் கம்பெனி வேன் தினமும் தாமதம். மேனேஜர் கத்திப் பார்த்தார், நோட்டீஸ் ஒட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் வேனுக்குள் நாசம் எழுந்து நின்றார்.

“இன்னும் லேட்டா போவணும். எப்பிடி போவலாம்? ஆளுக்கொரு ஐடியா குடுங்கபா.”

“வண்டி வந்து ஆரன் அடிச்சப்புறம் செருப்பத் தேடலாம்” என்றான் ஒருவன். “திருக்கழுக்குன்றத்துல நிறுத்தி நாஸ்தா துன்னலாம்” என்றார் டிரைவர். உற்சாகமாகப் பத்து யோசனை வந்தது. பத்தையும் நாங்கள் தினமும் செய்துகொண்டிருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து வேன் நேரத்துக்கு வந்தது.

அவர் மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் திணறியபோதும் இதே வைத்தியம்தான். “ஃபெயிலாவறதுக்குப் பத்து வழி எழுதும்மா” என்றாராம். ‘தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவது’ என்று தொடங்கி ஒன்பது எழுதிவிட்டு, பத்தாவதாக, ‘அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது’ என்று எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கணக்குப் புத்தகத்தை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார். பெண் பாஸ்.

வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. “இந்தச் சண்டைய எப்பிடிப் பெருசாக்கலாம்?” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா பட்டியலெல்லாம் போடவில்லை, செய்தே காட்டிவிட்டார். ஒரு வாரம் என் டிபன் பாக்ஸில்தான் அவருக்கும் சாப்பாடு.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அடுத்து வந்தது அப்படி இல்லை.

நர்த்தன விநாயகர் சிலைகள் மூன்று தடவை கப்பலேறின. மூன்று தடவையும் தூக்கிய கை உடைந்துதான் போய்ச் சேர்ந்தன. பழி பேக்கிங் செய்யும் செல்வி மேல் விழுந்தது. வைக்கோல் திணித்து மூடியது அவள்தானே? சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர். புருஷன் இல்லாத பெண், இரண்டு பிள்ளைகள். ஒரு மூலையில் போய் நின்று அழுதாள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாசம் எல்லோரையும் ஷெட்டில் கூட்டினார், மேனேஜர் உட்பட.

“யாரு ஒடச்சாங்கன்னு கேக்கல. புச்சா ஒரு புள்ளையார் கீறாரு. அவரு கைய ஒடைக்கணும். எப்பிடி ஒடைக்கலாம்? நானே ஆரமிக்கிறேன். கிரேன்ல தூக்கி தொப்புனு போடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வைக்கோல் வைக்கக்கூடாதுண்ணா” என்றாள் செல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “பெட்டி மேல பெட்டி அடுக்கணும்!” என்றார் மேனேஜர், அடுக்கச் சொன்னதே தான் என்பதை மறந்து. எனக்கும் குஷி பிறந்துவிட்டது. சும்மா இருப்பேனா?

“அதெல்லாம் எதுக்கு? பெட்டியவே ரெண்டு இஞ்ச் குட்டையா செஞ்சுட்டா போதும். மூடி நேரா கை மேல உக்காந்துடும்!”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பலகை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பெட்டியை இரண்டு இஞ்ச் குட்டையாக்கியது சாட்சாத் நான்தான். அதற்காக மேனேஜர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

செல்வி என்னையே பார்த்தாள். நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

“சார், பெட்டி இறுக்குதுன்னு இந்தம்மா அப்பவே சொன்னாங்க. நான்தான் அமுக்கி மூடச் சொன்னேன். தப்பு என்னுது.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். “திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடும்மா” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, எனக்கு மெமோ அடிக்கப் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் நாசத்திடம் கேட்டேன். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணாத்த?”

“உன் பொட்டி கத எனக்கு இன்னா தெரியும்? நான்தான் ஒடச்சேன்னு நெனச்சுகினு இருந்தேன். எறக்கசொல்ல மூணு தபாவும் கிரேன் கொக்கி குலுங்கிச்சுபா. தூக்கமே இல்ல. அந்தப் பொண்ணு போவறதுக்கு முன்னாடி அல்லாரு எதுர்லயும் ஒத்துக்கலாம்னுதான் கூட்டம் போட்டேன். ஆரமிச்சேன், எல்லாம் சிரிச்சுட்டானுங்க. மறுபடி சொல்லலாம்னு வாயெடுத்தா, நீ குறுக்க பூந்துட்ட.”

“உங்க வேலை போயிருக்குமே?”

“போயிருக்கும்” என்று டீயை ஊதிக் குடித்தார்.

போன மாதம் கல்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. காரணம் கேட்ட மனைவியிடம் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அங்கே இந்த மனுஷன் இருக்கமாட்டாரே, அதுதான் காரணம்.