ஆமாம் போடும் கல்

அமெரிக்காவின் கருங்குன்றுகளின் அடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பின்னே, கல் பேசுகிறதாமே! பேச வைப்பவர் 'இடிக்கழுகு' மகான். ஒஹாயோவில் பெற்றோர் வைத்த பெயர் கேரி. அந்த மண்ணின் பழங்குடியான லகோட்டாக்களின் மூதாதை ஒருவர் கனவில் வந்து பெயரை மாற்றிவிட்டாராம். தலையில் இறகு, கழுத்தில் கரடி நகம், வாசலில் கார்டு தேய்க்கும் இயந்திரம். நெருப்பில் சுட்ட கற்களின் வெக்கையில் வியர்த்தபடி வழிபடும் வியர்வைக் குடிலுக்குள் நுழையத் தலைக்கு முந்நூறு டாலர். ஆவிகளுக்குச் சில்லறை பிடிக்காது போலும்!

லகோட்டாப் பெண் அர்வெல்லா வேடிக்கை பார்க்க வரவில்லை. அவள் அக்கா டெல்ஃபின் சர்க்கரை நோயாளி. கல் சொன்னதென்று இன்சுலினை நிறுத்திவிட்டு, நாக்கு வறண்டு தள்ளாடி நின்றாள்.

"அக்கா, வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போடி! கல்லு பேசுறத நீயே கேளு."

மகான் நெருப்பை நோக்கிக் கையை உயர்த்தினார். "தாத்தாக் கற்களே! இவ மருந்தை விட்டது சரிதானே?"

படார்! ஒரு கல் வெடித்தது. 'ஆமாம்' என்கிறதாம்! கூட்டம் மெய்சிலிர்த்தது.

அர்வெல்லா சிதறிய துண்டைப் பார்த்தாள். வழவழப்பான ஆற்றுக்கல்! அவள் மாமா லீலண்ட் நடத்தும் குடிலில் காய்ந்த எரிமலைக் கல்லைத் தவிர வேறெதையும் நெருப்பில் போட மாட்டார்கள். ஈரம் குடித்த கல் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும். அங்கே கட்டணமும் கிடையாது, மருந்தை விடச் சொல்லும் வழக்கமும் கிடையாது. நகரத்திலேயே வளர்ந்த அக்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

மாமாவின் குடிலுக்காக வண்டியில் ஏற்றி வைத்திருந்த கற்களைக் கொண்டுவந்து நெருப்பில் தள்ளினாள். "எங்க கல்லையும் பேச வையுங்க, பாப்போம்."

மகான் கெஞ்சினார், பாடினார், முரசடித்தார். கற்கள் சிவந்தனவே தவிர வாயைத் திறக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாதவ தொட்ட கல்லும்மா!"

"சரி, உங்க கல்லையே கேட்டுடுவோம்." ஓடையில் ஊறிக் கிடந்த அவருடைய கற்களை நெருப்பில் போட்டு, கூட்டத்தைத் தூரமாக நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இந்த ஆளு உத்தமனா?"

படார்!

"பாத்தீங்களா!" என்று குதித்தார் மகான்.

"இந்த ஆளு திருடனா?"

படார்! படார்!

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மகான் இறகைக் கையில் பிடித்துக்கொண்டு காரைத் தேடி ஓடினார்.

டெல்ஃபின் சிரிக்கவில்லை. "அப்போ மருந்தை விடச் சொன்னது..."

"கல்லு இல்லக்கா, அவன். செத்திருப்ப. வா, போலாம்." அக்காவைத் தோளில் தாங்கி வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறியபிறகுதான் அர்வெல்லாவுக்கு உயிர் வந்தது.

கேட்டதற்கெல்லாம் 'ஆமாம்' போடும் கல்லிடம் அந்தக் கூட்டம் என்னென்னவோ கேட்டது. 'நாங்கள் முட்டாள்களா?' என்று ஒருவராவது கேட்டிருந்தால், கல் இன்னொரு உண்மையையும் சொல்லியிருக்கும்!