ஆணி அடிப்பீங்களா?

வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீட்டை வாங்கி, அதை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கும் ஓர் இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அழிந்துவரும் இனம் என்று கவலைப்பட வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடம் எங்கெல்லாம் எழும்புகிறதோ அங்கெல்லாம் இது செழித்து வளர்கிறது. மாலை வேளையில் ஏதாவது ஒரு கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள். எல்லா ஜன்னலிலும் துணி காய்கிறது, தொலைக்காட்சி மின்னுகிறது, யாரோ யாரையோ திட்டுகிறார்கள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் துணியும் இல்லை, திட்டும் இல்லை, ஒரு மனிதர் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படாமல் குனிந்து, ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சுத்தம் செய்ய வந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரரே அவர்தான்.

நம் கைவசம் உள்ள மாதிரியைச் சர்வேயர் என்று அழைப்பார்கள். நிலம் அளக்கிறவர் அல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்காக, மோதி வந்த கார்களின் நசுங்கலை அளக்கிறவர். காரின் முன்பக்கம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாலும், சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து, விரலால் தட்டிப் பார்த்து, "சின்ன சேதம்தான்" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். கார்க்காரர் கண்ணீர் விடுவார். சர்வேயர் விடமாட்டார். இதில் சென்டிமென்ட் கூடாது என்பது அவருடைய கொள்கை.

வாடகை வீடு வாங்குவதிலும் அதே கொள்கைதான். வாங்குவதற்கு முன் ஒரு வருடம் அலுவலக உணவுக்கூடத்தில் அவர் நடத்திய வகுப்புக்குக் கட்டணம் வாங்கியிருந்தால் கடனே தேவைப்பட்டிருக்காது.

"வீடு வாங்கறவன் என்ன தப்பு பண்றான் தெரியுமா? தனக்குப் பிடிச்ச வீட்டைத் தேடறான். நீயா குடியிருக்கப் போற? உனக்கு எதுக்குய்யா பிடிக்கணும்? வாடகைக்கு வர்றவனுக்குப் பிடிச்சா போதும்."

"அப்ப உங்களுக்கு எந்த மாதிரி வீடு சார் பிடிக்கும்?" என்று கேட்டது, புதிதாகச் சேர்ந்த கணக்குப் பிரிவுப் பெண்.

"எனக்கு வீடே பிடிக்காதும்மா. வருமானம்தான் பிடிக்கும்."

பேச்சு மட்டுமா? செயலிலும் மனிதர் புலி. கையில் இருந்த பணத்தையெல்லாம் முதலிலேயே கொட்டிவிட்டு நிற்காமல், சில மாதம் வீடு காலியாகக் கிடந்தால் தவணை கட்டுவதற்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தார். மூன்று வங்கிகளின் படியேறி, நிலையான வட்டி எவ்வளவு, மாறும் வட்டி எவ்வளவு, இடையில் கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுக் கேட்டு, கடன் அதிகாரிகள் இவரைப் பார்த்ததும் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் நிலைக்குக் கொண்டுவந்தார். கடைசியில், இன்றைக்குக் குறைவாக இருக்கிறது என்று மாறும் வட்டியை எடுத்தார். பெரிய மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டு படுக்கையறை வீடு. செவிலியர்களும் டாக்டர்களும் வந்தபடியே இருப்பார்கள், வீடு ஒரு நாளும் காலியாகாது. கணக்கில் ஓட்டையே இல்லை.

ஓட்டை ஒரு குழாயில் இருந்தது.

சமையலறைக் குழாய் ஒழுகியது. மாற்ற வேண்டும். வாடகை வீட்டுக்கு எந்தக் குழாய் போடுவது? இருப்பதிலேயே மலிவானது, வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஒற்றை விரலால் தள்ளினால் திரும்புகிறது. நிறுத்தினால் ஒரு சொட்டு கூட விழவில்லை. சர்வேயர் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். கடையில் தண்ணீர் இணைப்பே கிடையாது என்பதைக் கடைக்காரர் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அவ்வளவுதான். குழாய்க்குப் பொருத்தமாகத் தொட்டி, தொட்டிக்குப் பொருத்தமாகச் சமையல் மேடை, மேடைக்குப் பொருத்தமாகச் சுவருக்கு யானைத் தந்தத்தின் நிறம். அழுக்கு தெரியாத நிறமாகப் பூசச் சொல்லி மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர், கொசு உட்கார்ந்தாலும் தெரிகிற நிறத்தைப் பூசிவிட்டு, கொசுவை விரட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு குடித்தனக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

தரகர் முதலில் கூட்டிவந்தது புதிதாகக் கல்யாணமான ஒரு செவிலியர் தம்பதியை. இருவருக்கும் நிலையான சம்பளம், வேலை அந்த மருத்துவமனையிலேயே. சர்வேயர் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார், பிறகு காலுறையையும் பார்த்தார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆணி அடிப்பீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு சார். கல்யாண போட்டோ மாட்ட."

"யோசிச்சுச் சொல்றேன்."

அவருடைய அகராதியில் இதற்கு 'முடியாது' என்று பொருள். அடுத்து, கைக்குழந்தையோடு ஒரு பல் டாக்டர். குழந்தை இப்போது தவழ்கிறது. நாளைக்கு எழுந்து நிற்கும். நிற்கிற குழந்தையின் கையில் பென்சில் இருக்கும். யோசிச்சுச் சொல்றேன். அப்புறம் தனியாக வாழும் ஒரு பேராசிரியர். அமைதியான மனிதர், ஆனால் அலமாரி அலமாரியாகப் புத்தகம் வைத்திருக்கிறார், அலமாரியை இழுத்தால் தரையில் கோடு விழும். யோசிச்சுச் சொல்றேன். ஒரு குடும்பம் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "நாங்க நல்லா வறுத்துப் பொரிச்சுச் சாப்பிடுவோம்" என்று மனம்திறந்து பேசித் தோற்றது.

தரகர் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"சார், உங்களுக்கு வேண்டியது குடித்தனக்காரர் இல்ல. குடித்தனக்காரர் போட்டோ. அதையும் மாட்ட முடியாது, ஆணி அடிக்கணும்."

இத்தனைக்கும் சர்வேயர் குடியிருந்தது எங்கே என்கிறீர்கள்? வாடகை வீட்டில்தான். இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைக்காரருக்குச் சொந்தமான மாடியில். அந்தச் சுவர்களில் கடிகாரத்துக்கு ஓர் ஆணி, காலண்டருக்கு ஓர் ஆணி, சாவிக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, எதற்கென்று மறந்துபோன ஆணிகள் வரிசையாகப் பல. எல்லாம் சர்வேயர் தம் கையால் அடித்தவை. முதல் ஆணிக்கு மரியாதைக்காக அனுமதி கேட்டபோது மருந்துக்கடைக்காரர், "சுவர் எதுக்குங்க இருக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மனிதருக்கு ஊரில் இன்னும் இரண்டு வீடு உண்டு. எதுவும் ஒரு மாதம் காலியாகக் கிடந்ததில்லை. "ரசனையில்லாத ஆளு" என்பார் சர்வேயர்.

வட்டி மாறும் என்று சொல்லித்தானே கொடுத்திருந்தார்கள்? மாறியது. மேலேதான் மாறியது. காலி மாதங்களுக்கென்று ஒதுக்கிய தொகை கரைந்தது. அடுத்து கை வைத்தது மனைவியின் சேமிப்பில். அவள் அதே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட தோளையும் மடங்காத முழங்காலையும் பேச்சுக் கொடுத்தபடியே வழிக்குக் கொண்டுவருகிறவள். சொந்தமாக ஒரு சிகிச்சை அறை திறப்பதற்காக வருடக்கணக்கில் சேர்த்த பணம் அது. இரண்டு தவணை போனதும் அவள் சர்வேயரை உட்காரவைத்தாள்.

"இந்த வீட்டுக்கு வாடகை கட்டறோம், அந்த வீட்டுக்கு இஎம்ஐ கட்டறோம். இங்க நாலு பேர் இடிச்சுக்கிட்டு இருக்கோம், அங்க காத்து குடியிருக்கு. காத்து வாடகை குடுக்குமா?"

"நல்ல ஆளா வரணும்ல?"

"இந்த மாசக் கடைசி. அதுக்குள்ள யாராவது குடி வரணும். இல்லன்னா வித்துடுவோம். என் பணத்துல இனி ஒரு பைசா அந்தக் குழாய்க்குக் கிடையாது."

விற்பதா! அந்த நிறத்தையா? அந்தக் குழாயையா? வாங்குகிறவன் வந்ததும் முதல் வேலையாக ஆணி அடிப்பானே! சர்வேயர் தரகரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். தரகரும் தம் பட்டியலின் அடியில் கிடந்த ஒரு மாணிக்கத்தைத் தேடி எடுத்துவந்தார்: கப்பல் பொறியாளர். தனி ஆள். வருடத்தில் பெரும்பகுதி கடலில்.

"ஆணி அடிப்பீங்களா?"

"எதுக்கு சார்? என்கிட்ட மாட்ட ஒண்ணுமில்ல."

"சமையல்?"

"தெரியாது."

"வீட்ல எப்ப இருப்பீங்க?"

"அநேகமா இருக்கமாட்டேன்."

சர்வேயருக்குக் கண் கலங்கியது. வாடகை கொடுப்பார், வரமாட்டார்! இப்படி ஒரு உத்தமர் உலகத்தில் இருக்கிறாரா? வீட்டைத் தாமே சுற்றிக் காட்டினார். பொறியாளரும் பொறுமையாகப் பார்த்தார். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன்மேல் அன்றைய செய்தித்தாள். மேடையில் கவிழ்த்துவைத்த ஒரு தேநீர்க் கோப்பை. குளியலறையில் ஒரு துண்டு. வெளியே வந்து சர்வேயரின் கையைக் குலுக்கினார்.

"வீடு அழகா இருக்கு சார். ஆனா இதுல ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்காரே. நான் கடல்ல இருக்கறப்ப அவர் காலி பண்ணுவார்னு எனக்குத் தோணல."

"யாரு? அது நான்தாங்க! சும்மா சாயங்காலம் வந்து..."

"அதான் சார் சொல்றேன். யோசிச்சுச் சொல்றேன்."

தம்முடைய ஆயுதத்தாலேயே குத்துப்பட்ட சர்வேயர், மாதத்தின் கடைசி நாள் மாலையில், அலுவலகம் முடிந்து நேராக அந்த வீட்டுக்கே வந்து, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். விற்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று. அழைப்பு மணி அடித்தது. திறந்தால் மனைவி.

"வணக்கங்க. வீடு வாடகைக்குன்னு கேள்விப்பட்டேன்."

"என்ன விளையாட்டு இது?"

"வெளிய நிக்க வச்சுப் பேசறதுதான் உங்க வழக்கமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சர்வேயர் தம்மையறியாமல் அவள் பாதத்தைப் பார்த்தார். பழக்கதோஷம். அதே பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எத்தனை பேரு?"

"நாலு. பெரியவ கண்ட இடத்துல ஸ்டிக்கர் ஒட்டுவா. சின்னவன் சுவத்துல பந்து அடிப்பான்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் வீட்ல தங்கமாட்டாருங்க. சாயங்காலமானா இன்னொரு வீட்டுக்குப் போயிடுவாரு. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசிக்கறாங்க."

சர்வேயர் இருமினார். "மாசாமாசம் பணம் சரியா வருமா?"

"மருந்துக்கடைக்காரருக்குக் குடுத்துட்டிருந்த வாடகையை நேரா உங்க பாங்க் கடன்ல கட்டிடறேன். உங்க கைக்கே வராது. குறையறது கொஞ்சம்தான், அது உங்க சம்பளத்துல. என் சேமிப்பைத் தொடவேண்டாம். கணக்கு சரியா?"

சரியாகத்தான் இருந்தது. அவர் மனக்கணக்கில் மூன்று முறை போட்டுப் பார்த்தார், ஓட்டையே இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய கணக்கு. ஆனாலும் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது.

"ஆணி அடிப்பீங்களா?"

"அடிப்பேன்."

"எத்தனை?"

"வீட்டுக்காரர் பேசற பேச்சைப் பொறுத்து."

நியாயமாகச் சொல்லுங்கள்: ஸ்டிக்கர், பந்து, ஆணி, கூடவே சொந்தமாக ஆணியடித்தே பழக்கப்பட்ட ஒரு கணவன். இப்படி ஒரு குடும்பத்துக்கு எந்த வீட்டுக்காரராவது விடுவாரா? சர்வேயர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"தாராளமா யோசிங்க. சாமான் வண்டி கீழ வந்து நிக்குது. மருந்துக்கடைக்காரர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். கெடு வச்சேனே, அன்னைக்கே. உங்களை எனக்குத் தெரியாதா? இதுல சென்டிமென்ட் கூடாதுங்க."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே, அலமாரி ஒன்று இரண்டு ஆட்களின் தலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே பந்து மாடிப்படியேறி வந்துவிட்டது; பின்னாலேயே சின்னவன்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். சுத்தியல். ஓர் ஆணி. கடிகாரம். கூடத்துச் சுவரில், கொசுகூட உட்காரத் தயங்கிய அந்த நிறத்தின் நட்டநடுவில் ஆணியை வைத்தாள். சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு அடி. சின்னதாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

கண்ணைத் திறந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"சின்ன சேதம்தான்" என்றார்.

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைச் சேதத்தில் சேர்க்க வேண்டாம்.

இப்போது அந்த வீட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, பந்தின் தடம் இருக்கிறது, ஆணிகளை எண்ணுவதை அவர் நிறுத்திவிட்டார். குழாய் இன்னும் ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது. சிகிச்சை அறைக்கு மனைவி இடம் பார்த்துவிட்டாள். சர்வேயர் உணவுக்கூடத்தில் மறுபடியும் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். இரண்டாவதாக ஒரு வீடு, வாடகைக்கு விடுவதற்காகவே, சென்டிமென்டே இல்லாமல் பார்க்கப்போகிறாராம். இந்தத் தடவை நிலையான வட்டி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன, நீங்கள் அந்த இனமே இல்லை. பொருள் என்றால் பயன்படுத்தத்தான் என்று உறுதியாக நம்புகிறவர். சரி, அப்படியானால் ஒரு சின்னக் கேள்வி. இந்தப் புத்தகத்துக்கு மேலட்டை போட்டு, முதுகு மடங்கிவிடுமோ என்று பாதி மட்டும் விரித்து, உள்ளே ஒரு கண்ணை மட்டும் விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டால் என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்?

யோசித்துச் சொல்லுங்கள்.