துரை வைத்த இஞ்சின்

"கோழிய எறக்கினாத்தான் மூடிய மூடலாம்," என்றான் சோலைமலை.

"பன்னெண்டு முட்டை வச்சு அடையில ஒக்காந்திருக்கு. நாலு நாள்ல பொரிச்சிருமாம். வேணும்னா நீங்க எறங்கிப் போங்க," என்றாள் அவன் மனைவி சண்முகவடிவு.

கோழி உட்கார்ந்திருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்மூடிக்குள்ளே. இஞ்சின் இருக்கவேண்டிய இடத்துக்குக் கோழி எப்படி வந்தது என்று கேட்டால், இஞ்சின் இல்லாததால் வந்தது. பதினான்கு வருஷமாக அந்த இடம் காலியாகவே கிடந்தது. காலி இடத்தைக் கண்டால் கோழி விடுமா?

சோலைமலையின் அப்பா முத்துலிங்கம், தோட்டத்துப் பழைய துரைக்கு டிரைவராக இருந்தவர். நாற்பத்தெட்டாம் வருஷம் துரை சீமைக்குக் கப்பலேறியபோது தன் பச்சை நிறக் காரை முத்துலிங்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். இஞ்சினை மட்டும் கழற்றி எங்கேயோ கொடுத்திருந்தார். எங்கே என்று சொல்லத் துரை மறந்தார். சந்தோஷத்தில் கேட்க முத்துலிங்கமும் மறந்தார்.

இஞ்சின் என்றைக்காவது வந்துவிடும் என்று நம்பி, மற்றதையெல்லாம் குடும்பமே சேர்ந்து பழுதுபார்த்தது. முத்துலிங்கம் சீட்டுக்குத் தோல் தைத்தார். அவர் கண்ணை மூடிய பிறகு, 'ஸ்டோர்' என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் சோலைமலை பிரேக்கைச் சரிசெய்தான், கதவை இழைத்தான், மூன்று தடவை பெயின்ட் அடித்தான். பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளமும் வந்த பிறகு மாப்பிள்ளையை மட்டும் காணோம் என்கிற நிலைமை.

சண்முகவடிவின் கணக்கு வேறு. லயத்து வரிசைவீட்டு வாசல் முழுவதையும் கார் பிடித்துக்கொண்டது. கூரைக்கு என்று வாங்கிய தகரம் காருக்கு மேலே போனது. கார் நனையக்கூடாது என்பதற்காக விறகு நனைந்தது, விறகு நனைந்ததால் வீடெல்லாம் புகை. போன மாசம் அவள் தகரப்பெட்டியைக் கட்டினாள். "இந்தக் காரு வாசல விட்டுப் போற அன்னிக்குத்தான் நான் இந்த வாசப்படிய மிதிப்பேன்," என்று சொல்லிவிட்டு, பொகவந்தலாவையில் இருக்கும் அண்ணன் சின்னராசா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கருகிய ரொட்டி தின்றதில் சோலைமலைக்குப் புத்தி தெளிந்தது. கார் அப்பாவுடையது, வாழ்க்கை தன்னுடையது. வடிவு இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. கார் விற்பனைக்கு என்று கொட்டகலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். பத்தாம் நாள் நுவரெலியாவிலிருந்து காகிதம் வந்தது.

'உங்களிடம் துரைமார் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதாகக் கேள்வி. ஞாயிறு காலை பத்து மணிக்கு லொறியுடன் வருகிறேன். நான் நினைக்கிற கார் அதுவானால் அன்றைக்கே எடுத்துக்கொள்வேன். பைஸர், அரிசி மில்.'

செய்தி கேட்டு ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே சண்முகவடிவும் சின்னராசாவும் வந்து இறங்கினார்கள். ஆனால் பெட்டிக் கயிற்றை அவள் அவிழ்க்கவில்லை. காகிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நெனைக்கிற காருன்னா என்னங்க அர்த்தம்? ஓடுற காருன்னுதான் அர்த்தம். இஞ்சின் இல்லன்னு தெரிஞ்சா மனுசன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு, சொல்லிட்டேன்."

"மச்சான், என்னதான் பண்றது?" என்று சோலைமலை சின்னராசாவைப் பார்த்தான்.

"நான் பொட்டி தூக்க வந்தவன். என்னையக் கேக்காதீங்க," என்றார் சின்னராசா.

வழி கண்டுபிடித்தவள் சண்முகவடிவுதான். கோழி இருந்தபடியே இருக்க, மூடியை மெல்லச் சாத்தினாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, வேப்பிலை சொருகி, மூடியின் கொக்கியில் இறுக்கிக் கட்டினாள். நேர்த்திக்கு முடிந்து போட்ட முடிச்சை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். அவிழ்க்கச் சொல்லவும் மாட்டார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு லொறி வந்தது. பலகை, கயிறு, சங்கிலி எல்லாம் ஏற்றியிருந்தது. முன்னாலிருந்து பைஸர் முதலாளி இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், தலையில் தொப்பி. பின்னாலேயே டிரைவர் ரிஸ்வியும் இறங்கினான். காரைக் கண்டதும் முதலாளியின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் மலர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டைத் தடவினார். விளக்கைத் துடைத்தார்.

"அதே பச்சை. அதே அளவு. ரிஸ்வி, பலகைய எறக்குடா," என்றவர் சட்டென்று நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, இதுல இஞ்சின் ஈக்குதா?"

அவர் முகத்தில் தெரிந்த கவலையைச் சோலைமலை பார்த்தான். இவ்வளவு ஆசையோடு வந்த மனிதரை எப்படி ஏமாற்றுவது?

"என்னங்க முதலாளி இப்படிக் கேட்டுப்புட்டீங்க? இஞ்சின் இல்லாம காரா?"

பைஸர் முதலாளியின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. "நம்பரு பார்க்கலாமா?"

"பாக்கலாங்க. ஆனா அது ரோதமுனிக்கு நேந்து முடிஞ்ச முடிச்சு," என்று சண்முகவடிவு முந்திக்கொண்டாள். "திருவிழாவுக்குத்தான் அவுக்கணும்."

ரோதமுனி என்பது ஸ்டோர் மெஷின்களுக்குக் காவலாக நிற்கும் சாமி. அதன் பேரைச் சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். முதலாளியும் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன், தம்பி."

சோலைமலைக்கு வியர்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது சோற்றைக் கிளறச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அவன் கண்ணில் ரோடு பட்டது. தோட்டத்தின் மேல்பகுதியான அந்த மேற்கணக்கு லயத்திலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஒன்றரை மைல். ஒன்றரை மைலும் இறக்கம்.

"இந்தக் காருக்கு எறக்கத்துலதாங்க ஸ்டார்ட். ஏறி ஒக்காருங்க முதலாளி. மச்சான், ஒரு கை போடுங்க."

சின்னராசா தள்ளினார். லயத்து ஆட்கள் இன்னும் பத்துப் பேர் தள்ளினார்கள். கார் முனகியது, நகர்ந்தது, பிறகு யாருடைய தயவும் வேண்டாம் என்பதுபோல் ஓட ஆரம்பித்தது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவை!

சோலைமலை சும்மா இருக்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத கியரை மாற்றினான், மிதிக்கவேண்டியதையெல்லாம் மிதித்தான். காற்று முகத்தில் அடித்தது. தேயிலை மலை இரண்டு பக்கமும் பின்னால் பாய்ந்தது. முதல் வளைவில் கார் சாய்ந்து திரும்பியபோது, தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. 'அப்பா, ஓடுதுப்பா,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"தம்பி, சத்தமே இல்லையே?" என்று முதலாளி தொப்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"தொர காருங்க. சத்தம் போடாது."

அப்போது முன்மூடிக்குள்ளிருந்து 'கொக் கொக் கொக்' என்று கேட்டது.

"அது என்ன?"

"கார்புரேட்டருங்க. வயசாச்சுல்ல."

லொறி பின்னால் வந்தது. லொறியில் பாதி லயம் ஏறியிருந்தது. சண்முகவடிவு குறுக்குப் பாதையில் இறங்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், தலையில் தகரப்பெட்டியோடு சின்னராசா. ரெண்டு மணி பஸ்ஸை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஸ்டோருக்கு முன்னால் ரோடு சமமாயிற்று. கார் மெல்ல உருண்டு, அரசமரத்தடியில் ரோதமுனி கல்லுக்கு எதிரே, யாரும் சொல்லாமலே நின்றது. கூட்டம் கைதட்டியது. சண்முகவடிவும் கைதட்டினாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் தன் புருஷனை அவள் அப்படிப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எறக்கத்துல பார்த்தாச்சு. இனி மேட்டுல ஓட்டுங்க," என்றார் முதலாளி.

"பெற்றோலு தீந்துபோச்சுங்க," என்றான் சோலைமலை.

"ரிஸ்வி, நம்ம கேனைக் கொண்டுவா."

ரிஸ்வி ஒரு கேன் பெற்றோலை முழுசாக ஊற்றினான். இனி அந்தச் சாக்கும் போயிற்று.

"ரோதமுனி முன்னால நின்ன வண்டிய தேங்கா ஒடைக்காம எடுக்கக் கூடாதுங்க," என்றாள் சண்முகவடிவு.

"ஒடைங்களேன்."

கடையிலிருந்து தேங்காய் வந்தது. உடைத்தார்கள். "எலுமிச்சங்கா வைக்கணுங்க," என்றாள். எலுமிச்சங்காயும் வந்தது, நாலு சக்கரத்துக்கும் நாலு. கேட்டதெல்லாம் கேட்ட உடனே கிடைப்பது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று சோலைமலைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை போகும் என்பார்கள். எட்டு வரைக்கும் வந்தாயிற்று, ஒன்பதாவது வாயில் வரவில்லை.

நல்லவேளையாக முதலாளியே கையை உயர்த்தினார்.

"வாணாம் தம்பி, ஓட்டிக் காட்ட வாணாம். எனக்கு ஒரே ஒரு விசயம் தெரிஞ்சாப் போதும். இந்த இஞ்சினு நீங்க வேற எங்கயாவது வாங்கிப் போட்டதா? இல்ல, துரைட காலத்துலேர்ந்து இதுலயே ஈக்குறதா? ஒங்கட சாமிக்கு முன்னால சொல்லுங்க. நான் நம்புறேன்."

கூட்டம் கல்லைச் சுற்றி நெருங்கி வந்தது. யாரோ கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தியும் விட்டார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு மறுநாள் ரோதமுனியின் மெஷினுக்குள் விரலை நீட்ட முடியுமா? சோலைமலை திரும்பிப் பார்த்தான். சண்முகவடிவின் ஒரு கை அண்ணன் தலையிலிருந்த பெட்டியின் கயிற்றில் இருந்தது. அவிழ்ப்பதற்கா, இறுக்குவதற்கா என்று தெரியவில்லை.

அந்த நெருக்கடியில்தான் அவனுக்கு அந்த வாக்கியம் உதித்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இஞ்சினைத் துரை எங்கேயோ வைத்தார். எங்கே வைத்தாரோ அங்கேதானே இருக்கும்?

"தொர வச்ச இஞ்சின், தொர வச்ச எடத்துலயே இருக்கு," என்றான் உரத்த குரலில். "எங்கப்பாவும் சரி, நானும் சரி, இன்னைய வரைக்கும் அதத் தொட்டதே இல்ல. இது சத்தியம்!"

பளீரென்று கற்பூரத்தை அடித்தான். கை சுட்டது. கூட்டம் 'ஹோ' என்றது. சின்னராசா கூடத் தலையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். சண்முகவடிவு குனிந்து, ஒரு மாசத்துக்குப் பிறகு, பெட்டிக் கயிற்றின் முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

பைஸர் முதலாளி காரின் கதவை ஒருமுறை தடவினார். பிறகு சோலைமலையின் சுட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தங்கமான கார் தம்பி. துரை தந்ததை அப்படியே கண்ணு மாதிரி வச்சிருக்கீங்க. இதை யாருக்கும் வித்துராதீங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் லொறியில் ஏறிக்கொண்டார். கண்ணைக்கூடத் துடைத்தமாதிரி இருந்தது.

சோலைமலைக்கு ஒன்றும் புரியவில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததை அவன் கதையில்தான் கேட்டிருந்தான். கூட்டம் கலைந்தது. சண்முகவடிவு அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் போட்டாள், முன்னைவிட இறுக்கமாக. சின்னராசா பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் தலையில் ஏற்றினார். காரின் மூடிக்குள்ளிருந்து கோழி ஒருமுறை கொக்கரித்தது.

லொறியின் பின்னால் பலகைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ரிஸ்வியிடம் சோலைமலை ஓடினான்.

"தம்பி, கடைசியா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. என் வண்டியில முதலாளி அப்படி என்ன கொறை கண்டாரு?"

ரிஸ்வி கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, பாவம் என்பதுபோல் அவனைப் பார்த்தான்.

"ஒரு கொறையும் இல்ல அண்ணே, அதுதான் கொறை. இந்தப் பக்கத்துத் துரை ஒருத்தர் சீமைக்குப் போற நேரம் தன்ட ஸ்போர்ட்ஸ் காரு இஞ்சினைக் கழட்டி எங்கட மில்லுக்குத் தந்துட்டுப் போனாரு, அந்தக் காருட பாடியத் தேடித்தான் முதலாளி தோட்டம் தோட்டமா அலையிறாரு. இஞ்சின் இல்லாத காரு எங்கயாவது கெடந்தா ஒரு காயிதம் போடுங்க, அடுத்த நாளே லொறியோட வந்துருவோம்."