ஃபைஸா சில்க்ஸின் பன்னிரண்டாம் பக்கம்

"என்னாய்யா கண்ணையா, இதுல என் கடை எங்க?"

வணிகர் சங்க ஆண்டு மலரைப் பிரித்து மேசையில் அடித்தார் அப்துல் சலாம். பன்னிரண்டாம் பக்கம் பூரா வெள்ளை. கீழ் மூலையில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

அச்சக முதலாளி கண்ணையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். வெள்ளிக்கிழமை பாயின் புது ஜவுளிக்கடை ஃபைஸா சில்க்ஸ் திறப்பு. அவர் கோபித்துக்கொண்டு போனால் இனி வருஷம் பூரா வரப்போகும் பில் புக்கு, காலண்டர், பை எல்லாம் அவரோடு போய்விடும். அப்புறம் பெரம்பலூரில் அச்சகத்துக்கு என்ன வேலை?

எல்லாம் இந்த டிசைனர் பிரேமால் வந்த வினை! செங்கல் சூளை விளம்பரத்துக்கு எழுத்தைச் செங்கலாக அடுக்கினான். குடைக்கடைக்கு எழுத்தையே மழையாகப் பெய்யவிட்டான். ஊரே மெச்சியது. அதற்காக எழுத்தே இல்லாமலா? கேட்கலாமென்றால் அரியலூரில் இருக்கும் அவன் போனை எடுக்கவில்லை. மெஷின்காரர் குழந்தைவேலோ மலரை அடித்து முடித்த கையோடு செட்டிகுளம் பங்குனி உத்திரத்துக்குப் போய்விட்டார். மலர் அடித்த வாரம் பூரா கண்ணையன் மச்சினன் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"பாய், இதாங்க இப்ப நவீன டிசைன்."

"வெறுந்தாளா?"

"எல்லாக் கடைக்காரனும் பக்கத்தை ரொப்பி வெச்சிருக்கான். எவன் படிக்கிறான்? இதுல கண்ணு நிக்குதுல்ல?"

"நிக்குது. கடை பேரு?"

"திறக்கிற வரைக்கும் ஊரு மண்டையை ஒடைச்சுக்கட்டுமே!"

"அந்தப் பொட்டு?"

"அதாங்க உங்க கடை."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் போனது.

பாய் நேராக மச்சான் ஹுமாயூனிடம் காட்டினார். துபாயில் எட்டு வருஷம் இருந்தவர். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "துபாய்ல எல்லாம் இப்படித்தான் மச்சான்" என்றுவிட்டார்.

மறுநாள் பாய் சிரித்த முகத்தோடு வந்தார். "இதையே ஐநூறு போஸ்டர் அடி. ஜெயங்கொண்டம் வரைக்கும் ஒட்டணும்."

"போஸ்டர்லயாவது கடை பேரைச் சின்னதா..."

"நீதானய்யா பேரு வேணாம்ன?"

"மெஷின் வேற மக்கர் பண்ணுது, மை சொட்டுதுங்க பாய்."

"அப்ப சிவகாசியில ஐயாயிரமா அடிச்சுக்கறேன்."

ஐயோ, ஐயாயிரமா! கண்ணையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஐநூறு பொட்டு அடித்தார்.

புதன்கிழமை சுவரெல்லாம் பொட்டு. உடையார்பாளையத்தில் அதைப் போலியோ சொட்டு மருந்து விளம்பரம் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம்.

வியாழக்கிழமை நகைக்கடை ராசாங்கம் வந்தார். "எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகையும் இதே மாதிரி வேணும். ஒரு மாமன் பேரு விட்டுப்போனா ஒம்பது மாமன் சண்டைக்கு வரான். ஒருத்தன் பேருமே இல்லாட்டி யாரு சண்டைக்கு வருவா?"

"நல்லாச் சொன்னீங்க!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலாம் பாய். "கண்ணையன் மூளையே மூளை."

கண்ணையன் சிரிக்கப் பார்த்தார். ஆர்டர் புக்கைத் தலைகீழாகப் பிரித்தார்.

அப்போது அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி பிரேம் ஓடிவந்தான். கையில் ஒரு சிடி.

"மன்னிச்சுக்குங்க பாய், ஒரு வாரமா ஜுரம், உங்க விளம்பரம் இப்பதான் முடிஞ்சுது. சார், பன்னெண்டாம் பக்கத்தை மட்டும் காலியா விட்டு வைங்கன்னு குழந்தைவேலண்ணன்கிட்ட சொல்லியிருந்தேனே, மலரை இன்னும் வெளிய குடுக்கலல்ல?"