சங்கத்துக்கு வேறு பெயர்

"சங்கமா? புள்ளைய அனுப்ப மாட்டேன் டீச்சர்." ஞானப்பூ கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டே சொன்னாள். "கூலி கேட்டுச் சங்கம்னு பேசுன ஆளுங்கள போலீஸ் லோரியில ஏத்திக்கிட்டுப் போனாங்களே, பாக்கலியா?"

"இது வாலிபப் பெண்கள் சங்கம். பாட்டு, ஜெபம், தையல்."

"எல்லாரும் மொதல்ல பாட்டுத்தான் பாடுனாங்க." மிச்சக் கதவும் சாத்தப்பட்டது.

எமிலி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் சின்னத்துரை கிராணியின் மகள். பகாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பள்ளிக்கூடமும் ஞாயிறு சங்கமும் அவள் பொறுப்பு. பால் வெட்டும் கத்தி கைக்கு வந்ததும் பெண்பிள்ளைகள் சங்கத்திலிருந்து காணாமல் போனார்கள். விடியலில் மரம், பிறகு பால் வாளி, அப்புறம் தண்ணீர், அடுப்பு, தம்பி தங்கை. இருட்டினால் ஊரடங்கு. ஆண்பிள்ளைகளுக்குப் பந்து உதைக்க மட்டும் எப்படியோ நேரம் இருந்தது.

சிரம்பானிலிருந்து வந்துபோகும் போதகர் கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த முறை நான் வரேக்க பிள்ளையள் இல்லையெண்டால், சங்கம் கூடுற அறை காவலுக்கு வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்மாருக்கு. எஸ்டேட் துரை கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"பிள்ளையள் இருப்பினம்" என்றாள் எமிலி.

சங்கம் என்ற சொல்தானே இடிக்கிறது? மாற்றிவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று அறிவித்தாள்: "இனிமேல் இது தோழியர் வட்டம்."

ஆட்களை வேலை வாங்கும் வீரமுத்து மண்டோருக்கு வேர்த்துவிட்டது. "தோழியரா? காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருக்கற கம்யூனிஸ்டுக்காரனுங்க அப்படித்தானே கூப்ட்டுக்கறானுங்க. வேற பேரு வையி தாயி. ஒனக்குப் புண்ணியமா போவும்."

அதுவரை வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

எமிலி விடுகிற ஆளா? சபையிலேயே பழகிய சொல், யாரும் குற்றம் சொல்ல முடியாத சொல் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எழுப்புதல் கூட்டம்.

வேலி வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள் நல்லசாமி துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். "யாரை எழுப்பப் போறீங்க டீச்சர்?"

"தூங்குகிற எல்லாரையும்" என்றாள் எமிலி எரிச்சலோடு.

அதை அப்படியே துரையிடம் ஒப்பித்துவிட்டான்.

எமிலியை ஆபீசுக்குக் கூப்பிட்டு நிறுத்திய துரை, கிராணியைப் பார்த்து, எழுப்புதல் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். முப்பது வருஷமாகத் தப்பாக ஒரு வார்த்தை எழுதாத மனுஷன், "ரைசிங், சார்" என்றார்.

ரைசிங் என்றால் கலகமும்தான்; துரையின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அப்பா, நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று எமிலி முன்னே வந்தாள். இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். விடிந்ததிலிருந்து அந்தப் பிள்ளைகள் உங்கள் மரத்துக்கு, பிறகு வீட்டுக்கு. வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

துரை யோசித்தார். ஒரே ஒரு தடவை நடத்தலாம். கான்ஸ்டபிள் கூடவே இருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு வேற சொல்லே கிடைக்கேல்லையோ, பிள்ளை?"

டீச்சர் துரையையே எதிர்த்துப் பேசிய கதை எஸ்டேட் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தபோது அறைக்குள் கால் வைக்க இடமில்லை. ஞானப்பூவின் மகள் முன்வரிசை. நெற்றியில் திருநீறோடு மாரியம்மன் கோயில் பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேறு ஒரு கும்பல். பாட்டை எடுத்துக் கொடுத்தால் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒவ்வொரு ஆமெனும் அடித்துச் சொன்ன மாதிரி விழுந்தது. போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எமிலி கையைக் கூப்பிக்கொண்டாள். கர்த்தர் கேட்டுவிட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த நல்லசாமிக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. சுருட்டு பற்ற வைக்க எழுந்து வெளியே போனான்.

"ஆருக்காவது ஏதும் கேக்க வேணுமோ?" என்றாள் எமிலி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பால்வெட்டுக்காரப் பெண் பாஞ்சாலை மெல்ல எழுந்து, வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போலீஸ்காரன் போயிட்டான், ஜெபம் போதும் டீச்சர். ஸ்ட்ரைக்கு என்னைக்கு?"