வைக்கோல் வண்டியில் ஈர மண்

எந்தப் பொருளிலும் பெரியதைத்தான் எடுப்பது என்று ஒரு புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கடையில் இரண்டு பூசணிக்காய் இருந்தால் பெரியதைத் தூக்குவேன். குடை வாங்கப் போனால் பந்தல் அளவில் ஒன்று வாங்கி வருவேன். (காற்றடித்தால் குடை என்னை எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போவேன்.) இந்தப் புத்தியால் எனக்கு நேர்ந்த அவமானங்களில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்க என் வீட்டார் விடுவதாக இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. உத்திரமேரூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா பிரசவத்துக்காகத் திருமுக்கூடலில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. மல்லிகா என்று பெயர் வைத்தோம். "அஞ்சாம் மாசம் நீ வரும்போது கூரை வூடு இருக்காது, ஓட்டு வூடுதான்" என்று சரோஜாவிடம் சவடாலாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சொன்னபடி வீட்டைப் பிரித்தேன். பழைய மண் சுவர்களை இடித்து, செங்கல் வைத்துக் கட்டி, நாட்டு ஓடும் வேய்ந்தாகிவிட்டது. ஆனால் இடித்த சுவர் எங்கே போகும்? மொத்தமும் வாசலில் என் தலை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வீட்டுக்குள் போக நானே பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி எப்படி உள்ளே வருவாள்?

ஜோசியர் வியாழக்கிழமை காலையைக் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த வியாழனை விட்டால் நாலாம் நாள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆவணி வரை காத்திருக்க வேண்டும். குழந்தையை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். அந்த இரண்டு தடவையும் தொட்டால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன். இன்னும் ஒரு மாதம் காத்திருக்க என்னால் முடியாது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, ராத்திரி பகலாக அதே நினைப்பு.

பக்கத்துத் தெரு சவரிமுத்துவிடம் ஒரு சின்னக் குப்பை வண்டி இருந்தது. ஒற்றை மாடு, நாலடிக்குப் பெட்டி. வயல்களுக்கு எரு அடிக்கிற வண்டி. அவரே வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இது பழஞ்செவுத்து மண்ணு. பயிருக்கு நல்லது, கேக்கறவங்க இருக்காங்க. நம்ம வண்டில பதினாறு நட அடிச்சா வாசல் காலி."

"பதினாறா?" என்று நான் சிரித்தேன். "எப்ப அடிச்சு எப்ப முடிக்கிறது? எங்க மாமனார் வூட்ல வைக்கோல் வண்டி கீது. ரெண்டு நட போதும்."

"சார், வைக்கோலு வேற, மண்ணு வேற. அதுல ஏத்தினா பேஜார் ஆய்டும்."

நான் ஆபீஸ் பென்சிலை எடுத்து, ஆபீஸ் காகிதத்தில், வண்டியின் நீளம், அகலம், இரண்டு ஓரமும் நிற்கிற முளைக்குச்சிகளின் உயரம் எல்லாவற்றையும் எழுதிப் பெருக்கிக் காட்டினேன். இரண்டு நடைக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. சவரிமுத்து காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மண்ணுக்கு எடை என்று ஒன்று உண்டு என்பதை நான் எழுதவே இல்லை. (குமாஸ்தா கணக்கு அப்படித்தான். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும்.)

திங்கட்கிழமை சவரிமுத்துவையே கூட்டிக்கொண்டு திருமுக்கூடல் போனேன். அவர் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு வண்டியை ஓட்டி வர அவரையே கூப்பிட்ட என் துணிச்சலை இன்று நினைத்தால் காது சுடுகிறது. என் மாமனார் அதிகம் பேசாதவர். அந்த வண்டியும் ஜோடி மாடுகளும் அவருக்கு உயிர். வியாழக்கிழமை மகளையும் பேத்தியையும் அதில்தான் அனுப்புவதாக இருந்தார். ஆனாலும் மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டால் எந்த மாமனார் மறுப்பார்?

"இன்னாத்துக்கு மாப்ள?"

"கொஞ்சம் மண்ணு வாரணும் மாமா."

"கொஞ்சந்தானே?"

"கொஞ்சந்தான்."

"புதன்கிழம சாயங்காலம் வண்டி இங்க வந்துடணும்" என்று சொல்லிவிட்டு, மாடுகளின் கழுத்தைத் தடவிக் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. (வேலையை மேற்பார்வை பார்த்துவிட்டு அப்படியே ஆபீஸ் போவதாகத் திட்டம்.) கூடை தூக்க நாலு பெண்கள் வந்தார்கள். இரண்டு கூடை அள்ளுவதற்குள் புழுதி எழும்பித் தெருவே இருமியது. உடனே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாற்பது குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குவியல் மேல் ஊற்ற வைத்தேன். புழுதி அடங்கிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வண்டியின் முளைக்குச்சிகளுக்கு உள்பக்கம் பழைய பாய்களைக் கட்டி, மண்ணைக் கொட்டச் சொன்னேன். இடுப்பளவு வந்ததும் சவரிமுத்து கையைக் காட்டினார்.

"போதும் சார். இதுக்கே மாடு இழுக்காது."

"பாதி வண்டி காலியா கீதே! போடச் சொல்லுங்க."

"சார்..."

"போடச் சொல்லுங்கன்றேன் இல்ல?"

போட்டார்கள். முன்பக்கத்தில் மாடுகள் நின்றதால் பெண்கள் பின்பக்கமாகவே வந்து கொட்டினார்கள். சுமை எல்லாம் பின்னால் சேர்ந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது வண்டியின் மேல் ஏறி, மண்ணைக் காலால் மிதித்து அழுத்தி, இன்னும் இடம் பண்ணிக்கொண்டிருந்தேன். குச்சியின் நுனி வரை நிரம்பியதும் மேலே நின்றபடியே "ஓட்டுங்க!" என்று உத்தரவு கொடுத்தேன்.

சவரிமுத்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மாடுகளை அதட்டினார். மாடுகள் ஒரு எட்டு முன்னால் வைத்தன. அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் மெதுவாக, மிக மரியாதையாக, கீழே இறங்கியது. முன்பக்கம் மேலே எழும்பியது. நுகத்தடி தூக்கியதில் இரண்டு மாடுகளும் முன்னங்கால் தரையில் படாமல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன. நல்லவேளை, சவரிமுத்து இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பூட்டுக் கயிற்றை அறுத்துவிட்டார். மாடுகள் தப்பின. வண்டி குடை சாய்ந்தது. அச்சு முறிந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் ஈர மண்ணோடு ஈர மண்ணாகச் சறுக்கி வந்து கழுத்து வரை புதைந்திருந்தேன்.

கூடை தூக்க வந்தவர்களில் ஒரு அம்மா கேட்டார்: "இன்னா சவரிண்ணே, சாரையும் சேத்துத்தான் அள்ளணுமா?"

தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவர்கள் சிரிக்கட்டும். எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வண்டி போயிற்று, வியாழக்கிழமையும் போயிற்று. மல்லிகா இனி ஆவணியில்தான். என்னை வெளியே இழுத்துப் போட்டதும், மண்ணைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். சவரிமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"அழாத சார். நீ மாட்ட ஓட்டினு போய் மாமனார் கைல கால்ல வுயு. வாசல நான் பாத்துக்கறேன்" என்றார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. போய்த் தன் சின்ன வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் இரண்டு மாடுகளையும் பிடித்துக்கொண்டு பதினோரு மைல் நடந்தேன். ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. வழி அவற்றுக்குத் தெரியும், அவை போயின, நான் கயிற்றின் மறு முனையில் போனேன். மதியம் திருமுக்கூடல் எல்லையில் என் மாமனார் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டார். மாடு வருகிறது, மாப்பிள்ளை வருகிறார், வண்டி வரவில்லை.

முதலில் மாடுகளின் கழுத்தையும் காலையும் தடவிப் பார்த்தார். அப்புறம் என் கையையும் காலையும் பார்த்தார். மாடுகளைத் தானே பிடித்துக்கொண்டு வீடு வரை முன்னால் நடந்தார். வாசலில் நின்று கேட்டார்:

"எம்மாம் ஏத்தினீங்க?"

"முளக்குச்சி வரிக்கும் மாமா."

"காஞ்ச மண்ணா, ஈரமா?"

"...ஈரம்."

"மழையே இல்லியே."

"நாந்தான் தண்ணி ஊத்தினேன். நாப்பது கொடம்."

கதவுக்குப் பின்னால் சரோஜா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் குழந்தை எழுந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு மானம், மரியாதை, குமாஸ்தா உத்தியோகம் எல்லாம் மறந்துபோனது.

"மாமா, வண்டிய எப்படியாவது சரி பண்ணிக் குடுக்கறேன். நாளைக்கு வுட்டா ஆடி பொறந்துடும். கொழந்த இல்லாம என்னால இருக்க முடியல மாமா" என்றேன்.

அவர் மாடுகளைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். "வண்டிக்குத்தானே அச்சு ஒடஞ்சிது? நமக்குக் காலு கீதில்ல? கால கயுவினு வந்து சாப்புடுங்க" என்றார்.

வியாழக்கிழமை குறித்த நேரத்துக்குக் கிளம்பினோம். உத்திரமேரூர் தெற்கே இருக்கிறது. நாங்கள் வடக்கே நடந்தோம். பாலாற்றைக் கடந்து பழையசீவரத்தில் பஸ் பிடித்து, காஞ்சிபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மாமனார் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். சரோஜா குழந்தையோடு நடந்தாள். பாதி ஆற்றில் கால் புதைந்து புதைந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டாள்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, கைய வீசினு சும்மாதானே வர்றீங்க? கொழந்தய வாங்குங்க."

"எனக்குத் தூக்கத் தெரியாது மாமா."

"தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. அவ்ளோதான். தண்ணி ஊத்தலியே, கனக்காது, வாங்குங்க."

சரோஜா கொடுத்தாள். வாங்கினேன். மல்லிகா கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். புதுசாக வந்த குமாஸ்தாவை மேலதிகாரி பார்ப்பதுபோல இருந்தது. அப்புறம் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் பெரியதாகப் பார்த்துப் பார்த்து எடுத்த எதுவும் என் கையை அப்படி நிறைத்ததில்லை.

அதற்கப்புறம் நான் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. பழையசீவரத்தில் சரோஜா கேட்டாள், தரவில்லை. பால் கொடுக்கிற நேரம் தவிர இரண்டு பஸ்ஸிலும் என் கையிலேயேதான். கையை அசைத்தால் எழுந்துவிடுவாளோ என்று முழங்கையை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் எங்கள் தெருவுக்கு வந்தால், வாசல் வெறும் தரையாகக் கிடந்தது. சவரிமுத்து முறிந்த வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். "கொஞ்சமாத்தான் தெளிச்சேன் சார்" என்றார். பக்கவாட்டில் நகராமல், நேராக நடந்து, குழந்தையோடு புது வீட்டுக்குள் போனேன்.

பாயில் மல்லிகாவைப் படுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது, என் இரண்டு கையும் நீட்ட வரவில்லை. மடக்கினது மடக்கினபடி நின்றுவிட்டன. சரோஜா எண்ணெய் போட்டு நீவினாள். இரண்டு நாள் அந்தக் கையோடுதான் ஆபீஸ் போனேன். பேனா பிடித்தால் தோள்தான் எழுதியது. வந்த அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, இல்லாத குழந்தையை ஏந்தியபடி நான் இருந்த இருப்பைப் பார்த்து, "இன்னும் எறக்கி வெக்கலியா?" என்று சரோஜா கேட்டாள். அன்று ஆரம்பித்தது. நான் எப்போது சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் இந்த வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விடுவதில்லை.

மல்லிகாவுக்குக் கல்யாணமாகி, மறுநாள் அவளைப் புருஷன் வீட்டுக்கு வழி அனுப்பினோம். கார் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சரோஜா வந்து பக்கத்தில் நின்றாள். என் முழங்கை மடங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்திருக்கிறாள். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தாள். கேட்காமல், என் கையைப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டாள்.